கொல்லைப்புற ஷீட்டுக்கும் விதி உண்டு

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம் பகுதித் தனி வீடுகளில் கொல்லைப்புறத்தில் சிமென்ட் தளம் எழுப்பி, மேலே ஷீட் போட்டு, மாலையில் உட்காரும் இடமாக்கிக்கொள்வது வழக்கம். கொத்தனாரிடமும் வெல்டரிடமும் பேசி முடித்தால் போதும் என்றே வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். ஆனால் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, வீட்டைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி வானம் பார்த்தபடி இருக்க வேண்டும். சன்ஷேடு, சிறிய மோட்டார் அறை போன்ற சிலவற்றுக்கே விலக்கு. அந்த இடைவெளிக்குள் இரும்புக் கால் நட்டு, மதில்வரை தகரம் இழுத்தால் விதிமீறல்தான். நோட்டீஸ் வந்த பிறகு, ‘கழற்றி மாட்டுகிற ஷீட்தானே’ என்ற சமாதானம் எடுபடுவது கஷ்டம்.

2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்தில் உடனடி அனுமதி கிடைக்கிறது. புதிதாகக் கட்டுவோர் கொல்லைப்புறக் கூரையையும் அந்த வரைபடத்திலேயே, இடைவெளி விட்டு, காட்டிவிடுவது நல்லது. பழைய வீட்டுக்காரர்களுக்குத்தான் குழப்பம்.

5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சி, எந்த வேலைக்கு அனுமதி தேவை, எதற்குத் தேவையில்லை என்பதை எளிய தமிழில் அச்சிட்டு, எல்லா மண்டல அலுவலகங்களிலும் ஒட்ட வேண்டும்.

– ஒரு வாசகர், சேலையூர்