வளைவில் தெரியும் வண்டியின் குணம்



கிள்ளானில் பஸ் ஏறிக் கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகப் பிரிக்பீல்ட்ஸ் போகிறவர்கள் ஷா ஆலத்தைக் கடந்துதான் போக வேண்டும். 1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகா கார் உருவானது அங்கேதான். அந்த ஆலைக்கு, வண்டிகளை ஓட்டிப் பார்ப்பதற்கென்றே ஒரு சோதனைச் சாலையும் அமைத்தார்கள். "கணக்குப் போட்டுச் செய்த வண்டியை ஏன் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நம் பெரியவர்கள் பால் வெட்டும் கத்தியைத் தீட்டியபின், மரத்தில் ஒரு கீறு போட்டுப் பார்த்துத்தானே திருப்தி அடைந்தார்கள்? அதைப் போலத்தான் இதுவும்.

சோதனை ஓட்டக்காரர் மேடு பள்ளத்திலும் மழையிலும் கூர்மையான வளைவிலும் வண்டியை ஓட்டி, கண்டதை எழுதி வைக்கிறார். ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் பயணம் சுகம். ஆனால் வளைவில் வண்டி சாய்கிறது. கெட்டியாக்கினால் சாயாது, ஆனால் பள்ளத்தில் எலும்பை உலுக்குகிறது. இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைத் தேட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி ஓட்டுவார்கள். இரண்டை ஒருசேர மாற்றினால், பலன் எதனால் வந்தது என்று தெரியாமல் போய்விடும்.

1996-இல் புரோட்டோன், பந்தயக் கார்களுக்குப் பேர்போன இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது. லோட்டஸ் பொறியாளர்கள் சத்ரியா என்னும் சிறிய காரை எடுத்து, அதன் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் முதலியவற்றைச் சீர்படுத்தினார்கள். 1990-களின் கடைசியில் வந்த சத்ரியா ஜிடிஐ அப்படிப் பிறந்ததுதான். 1.8 லிட்டர் எஞ்சின் மிட்சுபிஷியுடையது. வளைவில் வழுவாமல் நிற்கும் குணம் லோட்டஸ் கொடுத்தது.

அடுத்த பாடம் கடினமானது. லோட்டஸுடன் சேர்ந்து உருவாக்கிய கேம்புரோ எஞ்சின் 2004-இல் ஜென்-2 காரிலும், 2006-இல் சத்ரியா நியோவிலும் வந்தது. 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன். ஆனால் நிமிடத்துக்கு 2,500 சுற்றைத் தாண்டியதும் இழுவை சற்றே தொய்கிறது என்று ஓட்டியவர்கள் குறை சொன்னார்கள். லோரியை முந்தும் நேரத்தில் அந்தத் தொய்வு நன்றாகவே தெரியும் அல்லவா?

எஞ்சினைத் தூக்கி எறியவில்லை. குறை இருந்த இடத்தைத் தேடிப் போனார்கள். காற்று உள்ளே செல்லும் குழாய், மெதுவாகச் சுழலும்போது நீளமாகவும் வேகமாகச் சுழலும்போது குட்டையாகவும் இருக்கும்படி வழிசெய்தார்கள். வேகம் கூடும்போது வால்வு அதிகம் திறக்கவும் ஏற்பாடு ஆயிற்று. 2008-இல் வந்த இந்த சிபிஎஸ் எஞ்சினின் திறன் 125 ஆக உயர்ந்தது. 2009-இல் சத்ரியா நியோவுக்கும் அது கிடைத்தது. பந்தயத்துக்கென்றே தனியாகக் கட்டிய சத்ரியா நியோ ரேலி வண்டியை ஓட்டி, அலிஸ்டர் மக்ரே 2011-இல் ஆசிய பசிபிக் ரேலி ஓட்டுநர் பட்டத்தை வென்றார்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. பிள்ளை மதிப்பெண் அட்டையைக் கொண்டுவந்து நீட்டும்போது "உனக்குப் படிப்பு ஏறாது" என்று ஒரே போடாகப் போட்டுவிடாதீர்கள். அந்தச் சொல்லோடு பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! எந்தப் பாடத்தில், எந்தக் கணக்கில் தொய்வு என்று விடைத்தாளை விரித்துப் பாருங்கள். பின்னம் புரியவில்லையா? இந்த மாதம் பின்னம் மட்டும் போதும்.

மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக் கையெல்லாம் எண்ணெயாக நிற்கும் பையன் உங்கள் வீட்டில் இருந்தால், அவனைத் திட்டுவதற்கு முன் ஒன்றைச் சொல்லுங்கள்: தொழிற்கல்லூரிக்கும் பாலிடெக்னிக்குக்கும் போனால் இதே வேலையை முறையாகக் கற்கலாம், அதற்குக் கணக்கும் அறிவியலும் வேண்டும். ஷா ஆலம் அப்படியொன்றும் தொலைவில் இல்லை.