விலங்குகளுக்கு பிசியோதெரபி: தேவை உண்டு, சட்டத்தில் இடம்?

பெங்களூரு: மூட்டுத் தேய்மானத்தால் நடக்க இயலாத நாய்க்கும், தசைநார் காயமுற்ற குதிரைக்கும் இயன்முறை சிகிச்சை எனப்படும் பிசியோதெரபி பலனளிக்கிறது. ஆனால், அதனை அளிக்கத் தகுதியுள்ளவர் யார் என்பதில் சட்டத் தெளிவு இல்லை.

குதிரைப் பந்தயத்துக்குப் பெயர்பெற்ற பெங்களூருவுக்கு இக்கேள்வி முக்கியமானது. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இரு வெள்ளிப் பதக்கங்கள் வென்ற குதிரையேற்ற வீரர் ஃபவாத் மிர்சா இந்நகரைச் சேர்ந்தவர். அவர் பங்கேற்கும் போட்டிப் பிரிவில், நடை பரிசோதனையில் தேறாத குதிரை களமிறங்க முடியாது.

1984-ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, சிகிச்சையளிக்கும் உரிமையைப் பதிவுபெற்ற கால்நடை மருத்துவர்களுக்கே வழங்குகிறது. அவர்களது மேற்பார்வையில் சிறு சேவைகள் அளிக்க, கால்நடை உதவியாளர் பட்டயம் அல்லது சான்றிதழ் பெற்றோரை மாநில அரசு அனுமதிக்கலாம். பிசியோதெரபி நிபுணர்கள் குறித்து அதில் குறிப்பு இல்லை. அவர்களை முறைப்படுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டமோ மனிதர்களுக்கான சுகாதாரப் பணி சார்ந்தது.

இந்த இடைவெளியால் பாதிக்கப்படுவது விலங்குகளே. நாய் நொண்டுவதற்கு எலும்பு முறிவோ, புற்றுநோயோ காரணமாக இருக்கலாம். நோயறியாமல் அளிக்கும் பயிற்சி தீங்காகும். வலியை வாய்விட்டுச் சொல்ல அவற்றால் இயலாது.

பிரிட்டனில், விலங்கைப் பரிசோதித்த கால்நடை மருத்துவரின் பரிந்துரைப்படி பிறர் பிசியோதெரபி அளிக்க 2015-ஆம் ஆண்டு ஆணை அனுமதிக்கிறது. மருத்துவரின் பொறுப்பைக் குறைக்காமல் நிபுணருக்கும் இடமளிக்கும் அத்தகைய ஏற்பாடு இங்கும் பரிசீலிக்கத்தக்கது.