மோசேக்கு ஓர் இத்திரோ இருந்தார்

விடுதலைப் பயண நூலின் 18ஆம் அதிகாரத்தில் இத்திரோ தம் மருமகன் மோசேயைக் காணப் பாலைநிலத்திற்கு வருகிறார். மறுநாள் காலை முதல் மாலை வரை மக்கள் மோசேயைச் சுற்றி நிற்பதையும், ஒவ்வொரு வழக்கையும் அவர் ஒருவரே அமர்ந்து தீர்ப்பதையும் பார்க்கிறார். அதன் பிறகுதான் அறிவுரை சொல்கிறார். பொறுப்பைப் பகிர்ந்தளிப்பது பற்றிய பாடமாக இப்பகுதியை மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அறிவுரைக்கு முன் அந்த மாமனார் ஒரு நாள் முழுவதும் கூடவே இருந்து பார்த்தார் என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை.

நம் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியரை நினைக்கும்போது இந்தக் காட்சியே நம் கண்முன் வருகிறது.

இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர் அவர். பணிமூப்பின்படி பதவி உயர்வு வருகிறது. ஒரே நாளில் சாவிக்கொத்தும் முத்திரையும் ரொக்கப் பதிவேடும் கைக்கு வந்துவிடுகின்றன. பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பதில் தேர்ந்த அவருக்கு, சக ஆசிரியரின் மனத்தாங்கலை எப்படித் தீர்ப்பது, கோபத்தோடு வரும் பெற்றோரை எப்படி எதிர்கொள்வது, மானியத் தொகைக்கு எப்படிக் கணக்கு எழுதுவது என்பவற்றை யாரும் முன்கூட்டிக் கற்றுத்தரவில்லை. வழக்குகளால் பதவி உயர்வு தள்ளிப்போன இடங்களில் நிலைமை இன்னும் கடினம். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், பதவி உயர்வு பெற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அது பொருந்துமா என்பதைக் கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. தலைமை ஆசிரியர் இல்லாத பள்ளியில் மூத்த ஆசிரியர் ஒருவர் 'பொறுப்பு' என்ற ஒற்றைச் சொல்லோடு எல்லாச் சுமையையும் தாங்குகிறார்.

அவருடைய ஒரு நாளைப் பார்ப்போம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் பசித்த வயிற்றோடு வந்த பிள்ளைகளுக்குப் பேருதவி. மகளிர் சுயஉதவிக் குழுவினர் சமைத்தாலும், உணவு நேரத்திற்குத் தயாரா, தரமானதா என்று பார்ப்பது தலைமை ஆசிரியரின் கடமை. பின்னர் செயலியில் வருகைப் பதிவு, எமிஸ் தளத்தில் விவரங்கள், சீருடை, பாடநூல், உதவித்தொகைப் பட்டியல்கள், கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்ற புகார், மதியம் சத்துணவு. ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் இத்தனைக்கும் இடையே அவருக்கு வகுப்புகளும் உண்டு. தொடக்கப் பள்ளிக்கு எழுத்தர் பணியிடம் கிடையாது. தலைமை ஆசிரியர் கணினியின் முன் அமரும் ஒவ்வொரு மணி நேரமும் ஏதோ ஒரு வகுப்பு ஆசிரியரின்றி இருக்கிறது. அந்த வகுப்பில் இருப்பவை பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்.

பயிற்சியே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் வழியாக மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் பிறந்தன. வட்டார வள மையங்களும் ஆசிரியர் பயிற்றுநர்களும் உள்ளனர். நடுவண் அரசு 2019இல் நிஷ்தா பயிற்சியைத் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் அது இணையவழிக்கு மாறியது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர்களும் பள்ளித் தலைவர்களும் ஆண்டுதோறும் 50 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. மணிக்கணக்கு சரிதான். ஆனால் மண்டபத்தில் நூறு பேரோடு அமர்ந்து கேட்ட உரையும், இரவில் கைப்பேசியில் முடித்துச் சான்றிதழ் பெற்ற பாடமும், மறுநாள் காலை பள்ளி வாசலில் அவருக்கு எந்த அளவுக்குத் துணை நிற்கும்?

பள்ளிக்கு வரும் அதிகாரி பெரும்பாலும் பதிவேட்டைத்தான் முதலில் கேட்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கும் மேலிருந்து கேட்கிறார்கள். ஆய்வு செய்கிறவரும் ஆறுதல் சொல்கிறவரும் ஒரே ஆளாக இருப்பது எளிதன்று. "எனக்கு இது தெரியவில்லை" என்று ஒரு தலைமை ஆசிரியர் மனம் திறந்து சொல்ல, தமக்கு மதிப்பெண் போடாத ஒருவர் வேண்டும். இன்னொன்றையும் இத்திரோ கண்டுகொண்டார். மோசேயிடம் திறமைக் குறைவு இல்லை. ஆள் குறைவுதான் இருந்தது. எழுத்தர் இல்லாத குறையைத் தலைமைப் பண்புப் பயிற்சியால் நிரப்ப முடியாது. நான்கைந்து பள்ளிகளுக்குப் பொதுவாக ஓர் எழுத்தரை நியமித்தாலே பெரும் சுமை குறையும் என்பது நம் எண்ணம்.

திருச்சபையாகிய நாமும் இதில் நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் உதவிபெறும் பள்ளிகளின் தலைமையாசிரியர் கூட்டங்களில் தேர்ச்சி விழுக்காடும் கட்டடமும் பேசப்படும் அளவுக்கு, அந்தத் தலைமை ஆசிரியரின் களைப்பு பேசப்படுகிறதா? புதிதாகப் பொறுப்பேற்கும் அருட்சகோதரியிடம் முந்தையவர் எத்தனை நாள் உடனிருந்து ஒப்படைக்கிறார்? இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை வெளிவந்து 60 ஆண்டுகள் நிறைவுற்றதை ஒட்டி, 2025 அக்டோபரில் திருத்தந்தை பதினான்காம் லியோ எழுதிய திருத்தூது மடல், யாரும் தனியாளாகக் கல்வி புகட்டுவதில்லை என்று நினைவூட்டுகிறது. அது நம் மதில் சுவருக்குள் மட்டும் அடங்கும் உண்மை அன்று. காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதிகளின் உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவானபோது, 2024 ஜூலை 15 அன்று அதன் தொடக்க விழா திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில்தான் நடந்தது. அரசுப் பள்ளியும் நம் பள்ளியும் ஒரே ஊர்ப் பிள்ளைகளுக்கே சோறிடுகின்றன.

ஏறக்குறைய எல்லாப் பங்குகளிலும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்கள் சிலர் இருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிக்கிறார்கள், பங்குக் கணக்கைப் பார்க்கிறார்கள். ரொக்கப் பதிவேட்டின் நெளிவுசுளிவுகள் அவர்களுக்கு அத்துப்படி. பள்ளி மேலாண்மைக் குழுக்கள் 2022இல் மறுகட்டமைக்கப்பட்டபோது கல்வி ஆர்வலருக்கு இடம் தரப்பட்டது. 2024இல் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். ஆகவே வாசல் திறந்தே இருக்கிறது. வட்டாரக் கல்வி அலுவலரிடம் முறைப்படி சொல்லிவிட்டு, மாதம் ஒரு நாள் பக்கத்து அரசுப் பள்ளிக்குச் சென்று, புதிய தலைமை ஆசிரியரின் அருகே நாற்காலியைப் போட்டு உட்காரலாம். முதல் நாள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தால் போதும்.