பாட்டுக்குக் கூலி பேசுவது இழிவன்று

கலைஞன் கூலி பேசக் கூடாது என்னும் ஒரு பொய்யான மேன்மை நம் நாட்டில் வேரூன்றி நிற்கிறது. கொத்தனார்க்கு நாட்கூலி இவ்வளவு என்று ஊரறியும். பந்தல் போடுபவரிடமும், சமையற்காரரிடமும், ஒலிபெருக்கி கட்டுபவரிடமும் விலை பேசி முன்பணமும் தந்துவிட்டே விழாவைத் தொடங்குகிறோம். பாட வருபவரிடம் மட்டும், "வந்து பாடுங்கள், பார்த்துச் செய்கிறோம்" என்கிறோம். அவரும் கைகட்டி நின்று, "உங்கள் விருப்பம்" என்கிறார். அந்த 'விருப்பம்' என்னும் ஒரு சொல்லுக்குள் அவருடைய மனைவி மக்களின் பட்டினி அடங்கிக் கிடப்பதை அவரும் சொல்வதில்லை, நாமும் வினவுவதில்லை.

இந்நோய்க்குச் சொல்லும் ஒரு கரணியம். உழவனுக்கும் தச்சனுக்கும் தருவதைக் 'கூலி' என்கிறோம். பாடுநர்க்குத் தருவதைச் 'சன்மானம்' என்றும், 'சம்பாவனை' என்றும், 'தட்சணை' என்றும் வடசொற்களால் போர்த்துகிறோம். போர்வை பட்டாயிருக்கிறது, உள்ளேயுள்ள தொகைதான் மெலிந்திருக்கிறது. கூலி என்பது உரிமை. அது குறைந்தால் கேட்கலாம், வழக்காடலாம். சன்மானமோ கொடுப்பவனின் மனநிறைவு. அது குறைந்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கூலி என்பது கூலம் என்னும் தவசப் பெயரடியாகப் பிறந்த தூய தமிழ்ச்சொல். உழைத்தவனுக்கு அளந்து கொடுத்த நெல்லின் மணம் இன்றும் அதில் வீசுகிறது. 'கூலிக்கு மாரடித்தல்' என்னும் பழமொழியைக் காட்டிச் சிலர் மறுப்பர். அப்பழமொழி பழிப்பது உள்ளமின்றி உழைப்பதையே. கூலி பெறுவதை அன்று.

பழந்தமிழ்ப் பாணரும் புலவரும் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனவர்கள் அல்லரோ எனின், அல்லர். நம் கொங்கு மண்டிலத்தை ஒட்டிய தகடூரிலேயே சான்று உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்றார் பெருஞ்சித்திரனார். அவன் அவரைக் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தம்மைக் காணாது தந்த பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வாணிகர் அல்லர் என்றும், தம் தகுதியை அளந்தறிந்து தருவது தினையளவாயினும் அதுவே இனிது என்றும் சொன்ன அவர் பாட்டு, புறநானூற்றில் 208-ஆம் பாட்டாக நிற்கிறது. 'வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்ற அந்தப் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு, "பார்த்தீர்களா, புலவர் விலை பேசவில்லை" என்பாரும் உளர். முழுப்பாட்டையும் படித்தால் உண்மை விளங்கும். அவர் வெறுத்தது விலையை அன்று. தகுதியை அளவாமல் எறியப்படும் பொருளை. 'பார்த்துச் செய்கிறோம்' என்று சொல்லிப் பாராமலே செய்யும் இன்றைய விழாக்குழுவினர்க்கு அது நேர் விடை.

அதே அதியமான் பரிசில் தரக் காலந்தாழ்த்தியபோது ஒளவையார் அவன் வாயிற்காவலனிடம் சினந்து பேசினார். கோடரியோடு காட்டுக்குச் செல்லும் தச்சச் சிறுவர்க்கு மரம் கிடைப்பதுபோல், கலையுடையார்க்கு எத்திசைச் சென்றாலும் சோறு உண்டு என்பது அப்பாட்டின் கருத்து. நண்பனாகிய அரசனிடமே காலத்தாழ்ப்பைப் பொறாத பெருமாட்டி அவர். பரிசிலைத் தூண்டிக் கேட்பதற்குப் 'பரிசில் கடாநிலை' என்று ஒரு துறையையே வகுத்த மொழி நம்முடையது. அதற்கு உரியவர்கள் கூலி கேட்க நாணுவது ஏன்?

வரையறுத்த ஊதியத்திற்கும் சான்று வேண்டுவார்க்கு இரண்டு காட்டுவேன். மாதவி தன் அரங்கேற்றத்தில் 1,008 கழஞ்சு பொன்னை வகுத்த முறைப்படி பெற்றாள் என்கிறது சிலப்பதிகாரம். சோழ மன்னன் மனமிளகி வீசிய தொகை அன்று அது. கலைக்கு என்று முறையாக வரையறுத்திருந்த தொகை. அடுத்தது தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டு. முதலாம் இராசராசன் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் அமர்த்தினான். அந்த 50 பேர்க்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். எந்த மரக்காலால் அளப்பது என்பதும் கல்லில் உண்டு. 'ஆடவல்லான்' என்னும் மரக்கால் அது. ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவ்விடத்திற்கு யார் வருவது என்பதும் உண்டு. பன்னிரு குறுணி ஒரு கலமாகக் கணக்கிட்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 91 கலம் நெல். ஆயிரம் ஆண்டுகட்கு முன் உடுக்கைக்காரர் ஒருவரின் ஊதியம் அளவு, அளவை, காலம் என்னும் மூன்றோடும் கல்லில் பொறிக்கப்பட்டது. இன்றைய உடுக்கைக்காரர்க்கு ஒரு துண்டுத் தாளில்கூட எழுதித் தருவார் இல்லை.

கொங்கின் உடுக்கைப் பாட்டு எளிய கலை அன்று. பொன்னர் சங்கர் வரலாறாகிய அண்ணன்மார் கதையை இராமுழுதும் உடுக்கையடித்துப் பாடுவோர் நம் ஊர்ப்புறங்களில் இருந்து வந்துள்ளனர். ஒருவர் பாட, ஒருவர் பின்பாட்டுப் பாடுவார். 1965-இல் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்ந்த கனடா நாட்டு அறிஞர் பிரெண்டா பெக்கு அம்மையார் இக்கதையை ஒலிப்பதிவு செய்தார். 18 இரவுகள், 38 மணி நேரம் நீண்டது அப்பாட்டு. அவ்வளவையும் ஏட்டைப் பாராமல் நெஞ்சில் சுமந்தவர் பாடினார். முப்பத்தெட்டு மணிநேரப் பாட்டை மனத்தில் ஏற்றிக்கொள்ள எத்தனை ஆண்டு ஆகியிருக்கும்? அந்த ஆண்டுகளுக்கெல்லாம் சேர்த்தே நாம் ஓர் இரவுக்குக் கூலி தருகிறோம் என்பதை உணர வேண்டும்.

இன்னொன்று. கொங்கு வேளாளர் மணவிழாவில் வடமொழி மந்திரத்துக்கு இடமின்றி, கம்பர் பெயரால் வழங்கும் மங்கல வாழ்த்தே ஓதப்படுவதை நாம் மேடைதோறும் பெருமையாகப் பேசுகிறோம். அதனை ஓதுபவர் குடிமகன் என்று வழங்கப்பெறும் முடிதிருத்தும் குடியினர். மணவறையில் தமிழைக் காத்துத் தந்தவர் அவர். அவ்விழாவில் ஒளிப்படம் எடுப்பவர்க்கு எழுத்தில் ஒப்பந்தம். அவர்க்கோ வழக்கப்படி ஒரு வேட்டியும் வெற்றிலையின்மேல் வைத்த சில தாள்களும். வழக்கம் என்பது எந்த ஆண்டின் வழக்கம் என்று யாரும் கேட்பதில்லை. அரிசி விலை ஏறியபோது வழக்கம் ஏன் ஏறவில்லை?

இனி, நேர்மையான ஊதியத்தை எங்ஙனம் வரையறுப்பது என்பதைப் பார்ப்போம். ஓர் இரவுக்கு என்ன தகும் என்று தொடங்குவது தவறு. ஓர் ஆண்டுக்கு என்ன வேண்டும் என்று தொடங்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் மணவிழா இல்லை. கோனியம்மன் தேர் மாசியில், ஈரோட்டுப் பெரிய மாரியம்மன் விழா பங்குனியில், கண்ணபுரத்து மாரியம்மன் விழா சித்திரையில் என, நோம்பிகளெல்லாம் சில திங்கள்களுக்குள் நெருங்கி வருகின்றன. எஞ்சிய திங்கள்களிலும் வயிறு உண்டு. விளக்கத்தின் பொருட்டு ஒரு கணக்கு வைப்போம். ஒரு குடும்பத்திற்குத் திங்களுக்கு 20,000 உருபா எனில் ஆண்டுக்கு 2,40,000. கருவி பழுதுபார்க்கவும், தோல் மாற்றவும், உடைக்கும், மருத்துவத்துக்கும் 40,000. ஆக 2,80,000. ஆண்டில் 70 அழைப்பு வந்தால் ஓர் அழைப்புக்கு 4,000 வேண்டும், வழிச்செலவு தனி. அவர் 2,500-க்கு ஒத்துக்கொண்டால் ஒவ்வோர் இரவும் 1,500 உருபா கடனாகிறது. ஆண்டு முடிவில் அது 1,05,000 ஆகிறது. கைதட்டல் அக்கடனை அடைக்காது. எண்களை அவரவர் நிலைக்கேற்ப மாற்றிக்கொள்க. கணக்குப் போடும் முறையை மாற்றாதீர்.

கணக்கிட்ட பின் அதனைச் சொல்லும் முறையும் உண்டு. நோம்பி சாட்டிய உடனே, பாட ஒப்புமுன், தொகையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை மணி நேரம், அதற்குமேல் நீண்டால் எவ்வளவு, வழிச்செலவும் உணவும் யாருடையவை, ஒலிபெருக்கி யார் பொறுப்பு என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். மூன்றில் ஒரு பங்காவது முன்பணம் பெற வேண்டும். ஊரில் இழவு விழுந்தோ மழை பெய்தோ விழா நின்றால் முன்பணம் திரும்பாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். அந்த நாளுக்கு வந்த வேறோர் அழைப்பை அவர் விட்டிருப்பார் அல்லரோ? கேட்போர் மகிழ்ந்து தரும் பணம் பாடுநர்க்கே உரியது. அதனை எண்ணிப் பேசிய தொகையில் கழிப்பது அறமன்று. எஞ்சிய தொகை பாட்டு முடிந்த அப்பொழுதே கைக்கு வரவேண்டும்.

"எங்கள் ஊர் ஏழை ஊர்" என்பார்க்கு ஒரு விடை உண்டு. ஊர் உண்மையில் ஏழையாயின் பாடுநர் தம் தொகையைக் குறைக்கலாம். ஆனால் மறைவாகக் குறைத்தல் ஆகாது. "என் ஊதியம் 4,000; இவ்வூர்க்கு என் கொடையாக 1,500 விடுகிறேன்" என்று சொல்லிக் குறைக்க வேண்டும். அப்போது விலையும் நிற்கும். கொடையும் கொடையாகத் தெரியும். ஆனால் வாணவெடிக்கும் திரைப்பாட்டுக் குழுவுக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டு, தமிழ்ப்பாட்டு என்றதும் ஏழையாகும் ஊர்கட்கு இச்சலுகை தகாது.

என் போன்ற ஆசிரியர்க்கும் அலுவலர்க்கும் ஒரு சொல். திங்கள் ஊதியம் வாங்கும் நாம் ஓய்வு நாளில் இலவயமாகப் பாடக் கிளம்பினால், அதனையே பிழைப்பாக உடையவரின் விலையை வீழ்த்துகிறோம். "அவர் சும்மா பாடினாரே, உமக்கு மட்டும் ஏன்?" என்னும் கேள்வி அடுத்த வாரம் அவர் முகத்தில் எறியப்படும். பாடுவோமாயின் முழுத்தொகையையும் கேட்டுப் பெறுவோம். வேண்டுமாயின் அதை ஒரு முதிய கலைஞர்க்குக் கொடுப்போம்.

"பெயர் கிடைக்குமே" என்பது வேறொரு தூண்டில். இசை என்னும் சொல்லுக்குப் பாட்டு என்றும் பொருள், புகழ் என்றும் பொருள். ஆயினும் ஒன்றுக்கு மற்றொன்று கூலியாகாது. இசைதல் என்பதற்கு உடன்படுதல் என்னும் பொருளும் உண்டே. இருவரும் இசைந்த தொகையே இசைக்கு உரிய தொகை. காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் இளமையில் தொடர்வண்டியில் பாடிக் காசு பெற்றவர் என்பர். பின்னர் 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நடிக்க அழைத்தபோது அவர் கேட்டுப் பெற்றது ஓர் இலக்கம் உருபா. கேட்டதனால் அவர் பாட்டின் தூய்மை குறைந்ததா? அவர் குரலைத் தமிழுலகம் அதன் பின்னரும் பல்லாண்டு போற்றிற்று.

யாவற்றினும் கொடியது, பிறப்பின் பெயரால் கருவியைத் தோளில் ஏற்றிக் கூலியை மறுக்கும் வழக்கம். பறையடிப்பது 'உங்கள் கடமை' என்று சொல்லி, ஆண்டுக்கொருமுறை களத்துமேட்டில் சில படி தவசம் அளந்ததோடு கடன் தீர்ந்தது எனக் கருதிய ஊர்கள் உண்டு. கடமை என்றால் மறுக்கும் உரிமை இல்லை. தொழில் என்றால் உண்டு. மறுக்கும் உரிமை உள்ளவனிடமே நேர்மையான விலை பேச முடியும். ஆகவே கூலி பேசுவது பணத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. மாந்த மதிப்பைப் பற்றிய செய்தியுமாகும்.

நாட்டுப்புறக் கலைஞர்க்கு 2007-இல் அரசு நலவாரியம் அமைத்தது. நன்று. ஆயினும் ஓர் இரவுப் பாட்டின் விலை தலைமைச் செயலகத்தில் பேசப்படுவதில்லை. நம் ஊர்க் கோயில் திண்ணையில் பேசப்படுகிறது. அத்திண்ணையில் அமர்ந்திருப்பவர்கள் நாம். வரும் நோம்பிக்கு வரவுசெலவு எழுதும்போது, தாளின் அடியில் எஞ்சியதைப் பாடுநர்க்கு ஒதுக்காமல், முதல் வரியில் அவர் ஊதியத்தை எழுதுங்கள். தமிழிசை வாழ்க என முழங்கும் நாம், அதனைப் பாடுபவர் வாழ வழிசெய்வோம்.