ஸ்டாரை விட்டுட்டு தடுப்புச்சுவரா? கொதிக்கும் கிளீவ்லேண்ட் ரசிகர்கள்!

அமெரிக்கன் ஃபுட்பாலில் கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டில் ஏலம் கிடையாது. மோசமா ஆடின அணிக்கே முன்னுரிமை. 17 மேட்ச்சில் 3 மட்டுமே ஜெயிச்ச கிளீவ்லேண்ட் பிரவுன்ஸுக்கு 2025-ல் கிடைச்சது 2-வது இடம்.

பந்தைப் பிடிக்கவும் தெரியும், எதிரணியைத் தடுக்கவும் தெரியும்னு கலக்கிய டிராவிஸ் ஹன்டர் வர்றார்னு ரசிகர்கள் காத்திருந்தாங்க. நிர்வாகமோ அந்த இடத்தை ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்துட்டு, 5-வதாக மிச்சிகனின் மேசன் கிரஹாமைத் தூக்கியது. பதிலுக்கு வந்தவற்றில் முக்கியமானது, ஜாக்சன்வில்லின் 2026 முதல் சுற்று வாய்ப்பு.

கிரஹாம் 'டிஃபென்சிவ் டேக்கிள்'. நட்டநடுவுல நின்னு, சமயத்துல ரெண்டு பேரை ஒத்தையா சமாளிக்கணும். அந்த இடைவெளியில் ஓரத்திலிருந்து பாயும் மைல்ஸ் காரெட் குவாட்டர்பேக்கைச் சாய்ப்பார். கைத்தட்டல் காரெட்டுக்கு! ஹைலைட்ஸ்ல கிரஹாமைத் தேடணும்.

ஆனா, கோபம் கிரஹாம் மேல இல்லை பாஸ். இதே நிர்வாகம்தான் 2022-ல் டெஷான் வாட்சனுக்காக மூணு முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து, 23 கோடி டாலருக்கு உத்தரவாதமும் தந்தது. அது ஊத்திக்கிச்சு. 2021-க்கு அப்புறம் 2025-லதான் முதல் சுற்றில் ஒரு வீரர். 'எதிர்காலத்துக்காக'ன்னு அவங்க சொன்னா யார் நம்புவா?

கணக்குப்படி டீல் மோசமில்லைன்னுதான் தோணுது. என்ன, 2025 சீசனில் ஜாக்சன்வில் எவ்வளவு தோற்குதோ, அந்த 2026 வாய்ப்பு அவ்வளவு முன்னாடி வரும்னு இருந்துச்சு. கிளீவ்லேண்ட் ரசிகர்கள் அந்த சீசனில் வாராவாரம் ரெண்டு மேட்ச் பார்க்கணும்னு ஆச்சு!