சமூக சாஸ்திரமும் சுயராஜ்யமும்

நம்மை ஆண்ட ஆங்கிலேயர் நமது நிலத்தோடு நமது மூக்கையும் அளந்தார்கள். 1901-ம் வருஷத்து ஜனக்கணிதத்தை நடத்திய ரிஸ்லி துரை, மூக்கின் அளவைக் கொண்டு ஜாதிகளின் மூலத்தை நிர்ணயிக்கலாமென்று கருதினார். எந்த ஜாதி மேல், எது கீழ் என்று வரிசைப்படுத்தவும் முற்பட்டார். சென்னைக் காட்சிசாலைத் தலைவர் தர்ஸ்டன் துரையும் அவ்வாறே அளவுக் கருவியுடன் திரிந்தார். ஆளப்படும் ஜனங்களை அறிவது ஆட்சிக்கு ஒரு சாதனமாயிருந்தது.

பம்பாய்ச் சர்வகலாசாலையில் 1919-ல் ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ் சமூக சாஸ்திரத் துறையைத் தொடங்கினார். 1924 முதல் அதை நடத்திய ஜி. எஸ். குர்யே, ரிஸ்லியின் அளவுகளையே எடுத்து ஆராய்ந்து, அவர் கூறிய விதி தேசமுழுதிற்கும் பொருந்தாதென்று 1932-ல் வெளியிட்ட நூலில் காட்டினார். அவருடைய மாணாக்கர் எம். என். ஸ்ரீநிவாஸ் 1948-ல் மைசூர்ச் சீமையில் ஒரு கிராமத்திலே தங்கி, ஏட்டிலுள்ள வர்ணம் வேறு, ஊரில் நடமாடும் ஜாதி வேறு என்பதை நேரில் கண்டு எழுதினார். 1951-ல் இந்திய சமூக சாஸ்திர சங்கம் ஏற்பட்டது. இவை நாம் பெருமை கொள்ளத்தக்க காரியங்களே.

ஆயினும் இத்துறையில் சுயராஜ்யம் பூர்த்தியாகிவிட்டதா? தஞ்சை ஜில்லாவில் ஒரு கிராமத்தை ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தேய், நிலமும் அதிகாரமும் கைமாறும் விதத்தை 1965-ல் நூலாக வெளியிட்டார். அருமையான நூல், ஆனால் இங்கிலீஷ் நூல். எந்த உழவரின் வாழ்வு அதில் எழுதப்பட்டதோ, அவர் அதைப் படித்து, "இது சரி, இது தவறு" என்று சொல்ல வழியில்லை. அக்கிரகாரத்தில் தங்கியிருந்தமையால் சேரி ஜனங்களுடன் தாராளமாய்ப் பழக இயலவில்லையென்பதை ஆசிரியரே மறைக்கவில்லை. சேரியில் பிறந்தவரே ஆராய்ச்சியாளராகும்போதுதான் இக்குறை நீங்கும். அதற்குத் தடையாய் நிற்பது பாஷை.

தமிழில் கலைச்சொற்கள் போதா என்பர் சிலர். வாரம், குத்தகை, பண்ணையாள், பங்காளி, தீட்டு ஆகிய சொற்களை நம் ஜனங்களிடம் கேட்டறிந்தல்லவோ ஆராய்ச்சியாளர் குறித்துக்கொண்டு போகிறார்கள்! விஷயம் தமிழில் கிடைக்கிறது. அதை எழுத மாத்திரம் தமிழ் உதவாதென்பது எந்த நியாயம்?

நமது சர்வகலாசாலைகள் ஒரு நியமம் செய்யவேண்டும். ஒரு கிராமத்தை ஆராய்ந்து பட்டம் பெறுபவர், தாம் கண்ட முடிவுகளைத் தமிழிலும் எழுதி, அக்கிராமத்தார் கூடிய சபையில் படித்துக் காட்டி, அவர்கள் கூறும் மறுப்பையும் நூலிலே சேர்க்கவேண்டும். தம்மைப் பற்றிய உண்மையில் தமக்கும் வாக்குரிமை உண்டென்று அன்றுதான் ஜனங்கள் அறிவார்கள்.