நூலக வரி கட்டுறீங்க... உங்க குழந்தைக்குப் புத்தகம் கிடைக்குதா?

சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். தமிழ்நாட்டில் 1948-ம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வசூலாகும் பணம் இது. ஒவ்வொரு ரூபாய் சொத்து வரிக்கும் 10 பைசா.

சரி, இதனால் மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன லாபம்? சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆனா, வாராவாரம் கூட்டிட்டுப் போக முடிவது பக்கத்துக் கிளை நூலகத்துக்குத்தான். அங்கே பெரும்பாலும் நாளிதழ்களும் போட்டித் தேர்வு நூல்களும்தான் கண்ணில் படுகின்றன.

எழுத்துக்கூட்டத் தெரியும் முன்பே வாசிப்பு தொடங்கிவிடுகிறது. மடியில் உட்கார்ந்து கதை கேட்கும் குழந்தைக்குப் புதுச் சொற்கள் பழகும். 'இது என்ன?'னு அது கேட்டா நீங்க நிறுத்திப் பதில் சொல்வீங்க. மொபைல் வீடியோ சொல்லாது. அதற்காக வாரம் ஒரு புத்தகம் வாங்க எல்லாராலும் முடியுமா?

புதுக் கட்டிடம் வேண்டாம். ஒரு பாய், குழந்தையின் கைக்கு எட்டும் அலமாரி, நூறு படப் புத்தகங்கள், சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரக் கதை போதும். கிளை நூலகரிடமும் வார்டு கவுன்சிலரிடமும் கேளுங்க. இது சலுகை இல்ல. நாம ஏற்கெனவே காசு கட்டிய சேவை.